இரண்டு கையிலும் குடம்

சிசிலியால் சும்மா இருக்க முடியாது. இது குணமா குறையா என்று அவள் புருஷன் அலோசியஸுக்கு இருபத்திரண்டு வருஷமாகியும் தெளிவில்லை. சோறு தின்ன உட்கார்ந்தால் பாதியில் எழுந்து அடுப்படியைத் துடைப்பாள். பஸ்ஸுக்கு நின்றால், நிற்கிற இடத்தில் முளைத்திருக்கும் புல்லைப் பிடுங்குவாள். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லோரும் முழந்தாளிட்டு உருகிக்கொண்டிருக்க, ஏழாம் தலத்துக்கும் எட்டாம் தலத்துக்கும் நடுவில் இவள் குனிந்து, பாதையோரத்துப் புல்லையெல்லாம் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதைப் பார்த்த சுவாமியார் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். நாகலெட்சுமி முருகன் பக்தை. சிலுவைப்பாதைக்கு அவள் போனதே வேடிக்கை பார்க்கத்தான்.

இவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மலைநாட்டில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவள். முதல் இரண்டு வருஷம் கொழுந்து எடுக்க விடவில்லை. கையில் சுரண்டியைக் கொடுத்துப் புல் வெட்ட அனுப்பினார்கள். தேயிலைக்கு அடியில் வெறும் மண் தெரிய வேண்டும். பச்சையாக ஒரு விரற்கடை மிஞ்சினாலும் கங்காணியின் வாய் நாள் முழுக்க ஓயாது. அந்த இரண்டு வருஷத்தில் அவள் கண்ணுக்கும் கைக்கும் ஒரே ஒரு பாடம் ஏறியது. தேயிலை தவிர மற்றதெல்லாம் புல். புல்லென்றால் பிடுங்கு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, தோட்டத்துப் பழக்கமும் அப்படித்தான்.

கல்யாணமாகி நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தாள். வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பராதான் அவர்களுடையது. லயத்துக்கு மேலே, ஆறாம் நம்பர் மலைக்கும் ஏழாம் நம்பர் மலைக்கும் நடுவில், தேயிலை வைக்க லாயக்கில்லாத ஒரு செங்குத்தான பள்ளம். காட்டுச் சேம்பும் பெரணியும் கோரையும் கொடியுமாக மண்டிக் கிடக்கும். அதற்குள்ளிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, லயத்துக்குப் பின்னால் விழும். அதுதான் பீலி. இருபத்துநாலு வீட்டுக்கும் குடிக்க, குளிக்க, துவைக்க, சண்டை போட, சமாதானமாக எல்லாம் அந்த ஒரே பீலி.

வந்த நாளிலிருந்தே சிசிலிக்குத் தண்ணீரை அளக்க ஒரு வழி இருந்தது. பெயின்ட் வாளியைப் பீலியில் வைத்துவிட்டு, சும்மா நிற்க முடியாததால் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவாள். மழைக்காலத்தில் நாலு மந்திரத்தில் வாளி நிறைந்துவிடும். வெயில் காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று. அந்தக் கணக்கு அவளுக்கு மட்டுமில்லாமல் லயத்துக்கே பழகிப்போயிற்று. "சிசிலி, இன்னைக்கு எத்தனை மந்திரம்?" என்று சைவக்காரப் பெண்களே கேட்பார்கள்.

வருஷாவருஷம் அந்த எண்ணிக்கை ஏறியதைச் சிசிலிதான் முதலில் கண்டாள். மலைகளில் கைவேலையைக் குறைத்துப் புல்லுக்கு மருந்தடிக்கத் தொடங்கிய பிறகு, பள்ளத்தின் விளிம்பெல்லாம் கருகிக் கருகிக் குறுகியது. தண்ணீரை மண்ணுக்குள் நிறுத்தி வைக்கிற கான்குழிகள் தூர்ந்து போயின. ஒரு மார்ச் மாசம் வாளி நிறைய ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை முழுசாகத் தேவைப்பட்டது. காலையில் வேலைக்கு ஓடுகிறவள் எவள் செபமாலை முழுதும் சொல்லி முடிப்பாள்? பெண்கள் கீழே ஆற்றோரத்து ஓடைக்குப் போனார்கள். மேல் லயத்துக் கக்கூஸ் தண்ணீர் கலக்கிற ஓடை அது. எல்லோருக்கும் தெரியும். கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

சிசிலியும் கொதிக்க வைத்தாள். ஆனால் ஒரு நாள் கேத்தல் முனக ஆரம்பித்ததுமே இறக்கிவிட்டாள். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, கொதிக்கும்வரை நிற்க அவள் காலுக்குப் பொறுமையில்லை. இரண்டு வாரத்தில் மகள் ஷாமிலாவின் கண் மஞ்சளாயிற்று. லயத்தில் ஒன்பது பேருக்குச் செங்கமாரி. ஷாமிலா சாதாரணதரப் பரீட்சையை எழுத வேண்டிய நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வகுப்பில் கணக்குப் பாடத்தில் முதல் பிள்ளை அவள்.

எந்த நாள் தண்ணீரில் நோய் வந்ததென்று யாரால் சொல்ல முடியும்? சிசிலியால் முடியும். கேத்தலை இறக்கிய அந்த நாள்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அலோசியஸிடமும் இல்லை. சொல்லாத விஷயம் உள்ளே கிடந்து பிறாண்ட, அவளுடைய பரபரப்பு இரண்டு மடங்காயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்ன தொரை பள்ளத்தில் டர்பன்டைன் என்கிற யூக்கலிப்டஸ் மரம் வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கொழுந்து உலர்த்துகிற ஸ்டோர் அடுப்புக்கு விறகு வேண்டுமாம். பள்ளம் சும்மாதானே கிடக்கிறதாம். டர்பன்டைன் வைத்த இடத்தில் தண்ணீர் என்ன ஆகும் என்று மேல் பிரிவுக்காரர்களைக் கேட்டால் தெரியும்; அவர்களுடைய பீலியில் இப்போது பல்லிதான் குடியிருக்கிறது.

மறுநாள் காலைப் பெரட்டில் சிசிலி தன் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். உட்காராதவள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு விஷயம் பெரிதென்று புரிந்தது. நாகலெட்சுமி கவிழ்த்தாள். பிறகு பத்தொன்பது கூடையும் கவிழ்ந்தன. தொழிற்சங்கத் தலைவரும் புல்லுவெட்டுக் கங்காணியுமான செல்லசாமி, எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார்.

சின்ன தொரை இளவயது. சிங்களக்காரர், தமிழ் பாதி வரும். "என்ன அம்மா பிரச்சினை? அது காடுதானே?"

"காடு இல்லீங்க சார். எங்க தண்ணி அது. மரத்த வேற எங்கயாச்சும் வைங்க. பள்ளத்த எங்ககிட்ட விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்."

"தண்ணி எங்க? வாளி நிறையப் பத்து நிமிஷத்துக்கு மேல போகுது. நானே பாத்தது."

"ஒரு வருஷம் குடுங்க சார்."

தொரை மணிக்கூட்டைப் பார்த்தார். கொழுந்து காத்திருந்தது. "சரி. அடுத்த மார்ச் நான் வாறது. அதே வாளி. அஞ்சு நிமிஷத்துக்குள்ள நிறைஞ்சா பள்ளம் உங்களுக்கு. இல்லாட்டி அன்னைக்கே குழி வெட்டுறது. சரியா?"

"சரிங்க சார்," என்றாள் சிசிலி. சொல்லி முடிக்குமுன் எழுந்து கூடையை மாட்டிக்கொண்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பத்தொன்பது பெண்களும் பள்ளத்தில் இறங்கினார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று எவளும் எவளையும் கேட்கவில்லை. ஓர் இடத்தைக் கவனித்துப் பார்த்துக்கொள்வது என்றால் தேயிலைக்காரிகளுக்கு ஒரே அர்த்தம்தான். சுரண்டியும் கத்தியும் மம்பட்டியும் கொண்டு வந்தார்கள். சிசிலி முன்னால் நின்று நிரை பிரித்துக் கொடுத்தாள். காட்டுச் சேம்பை வேரோடு பிடுங்கினார்கள். பெரணியைச் சுரண்டினார்கள். கொடியை அறுத்து இழுத்தார்கள். கோரையின் வேர் விடாமல் முரண்டு பிடித்தபோது சிசிலி மண்டியிட்டு, மண் கிளறுகிற முள்ளால் குத்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் பள்ளம் வழித்துச் சவரம் செய்த முகம் மாதிரி ஆகிவிட்டது. சிவந்த மண் பளபளத்தது. ஊற்றுக்கண் வெட்டவெளியில் மினுங்கியது. சேறெல்லாம் போனதில் தண்ணீரும் கொஞ்சம் வேகமாக விழுந்தது.

"கோயில் வாசல் மாதிரி இருக்குடி!" என்றாள் நாகலெட்சுமி, இடுப்பில் கை வைத்து.

செல்லசாமி வந்து போனில் படமெடுத்தார். தலைவரின் வழிகாட்டலில் மாதர் துப்புரவுப் பணி என்று பேஸ்புக்கில் போட்டார். படத்தின் நடுவில் அவரே நின்றார். பெண்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அன்றைக்குச் சிசிலி வருஷக்கணக்கில் இல்லாத நிம்மதியோடு சோறு தின்றாள். ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை. ஷாமிலாவே ஆச்சரியப்பட்டு, "ஒங்களுக்கு மேலுக்கு முடியலையாம்மா?" என்று கேட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையென்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் குரங்கு முகம் காட்ட ஜூன் மாசம் ஆயிற்று.

நோட்டன் பிரிட்ஜ் மழையை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஏழாம் நம்பர் மலைப் பக்கமிருந்து ஒரு சரசரப்பு. பிடித்து வைக்க ஒரு வேரும் இல்லாத மண், கரையோடு பெயர்ந்து ஊற்றுக்கண் மேல் உட்கார்ந்தது. பீலி செம்மண் குழம்பைத் துப்பியது. பிறகு இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, பீலியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடத்தோடு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சிசிலியைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை கீழ்க் கிராமத்திலிருந்து குசுமா ஏறி வந்தாள். பள்ளத்துத் தண்ணீர் வடிந்து போகிற இடத்தில் போஞ்சிக் கொடி போட்டிருக்கிற சிங்களக்காரி. சிசிலி வயதுதான் இருக்கும். முழங்கால்வரை சேறு. வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள். "மகே போஞ்சி ஒக்கோம மட!" அவளுடைய போஞ்சிப் பாத்தி முழுக்கச் சேறாம். கத்திக்கொண்டே பள்ளத்தை எட்டிப் பார்த்தவள் போஞ்சியை மறந்துவிட்டாள்.

"இது யாரு செஞ்சது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"நாங்கதான். சுத்தம் பண்ணுனோம்."

"சுத்தம்?" குசுமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கவுணின் விளிம்பைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "அக்கா, ஊத்துக்கும் உடுப்பு இருக்குது. நீங்க உடுப்பு கழட்டினது. இப்ப அது எப்படி நிக்கிறது?"

சிசிலிக்கு முகம் எரிந்தது. காடென்று சொன்ன தொரையிடம், காடில்லை, எங்கள் தண்ணீர் என்று வாய் கிழியப் பேசியவள், அதைத் தன் கையாலேயே மொட்டையடித்திருக்கிறாள். தொரை டர்பன்டைன் வைத்திருந்தால்கூட இத்தனை சீக்கிரம் தண்ணீர் நின்றிருக்காது. கேத்தலை அவசரமாக இறக்கிய அதே கை. இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே தோன்றியது.

சாயங்காலம், வறண்ட பீலிக்கு முன்னால் எல்லோரும் கூடியிருக்க அவளே சொன்னாள். "கெடுத்தது நான்தான். நான்தான் நிரை பிரிச்சுக் குடுத்தேன்."

"ஆமா, நீதான் சொன்ன," என்றாள் நாகலெட்சுமி. மழுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "ஆனா சொரண்டுன கை எங்களதுதானே? ஒனக்கு மட்டுமா மூளை இல்ல? இப்ப அழுதுகிட்டு நிக்காம என்னா செய்யலாம்னு சொல்லு."

செய்வதற்கு வேலை இருந்தவரை சிசிலி பிழைத்துக்கொண்டாள். ஊற்றுக்கண்ணை மூடிய மண்ணை, மண் சுமக்கும் தாய்ச்சியில் அள்ளியே ஒரு வாரம் போனது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு என்கிற கிளைக்குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து, சரிவுக்குக் குறுக்கே அடுக்கி முளையடித்தார்கள். மேலே தூர்ந்து கிடந்த கான்குழிகளைத் தோண்டி, மழைத்தண்ணீர் ஓடிப் போகாமல் நின்று மண்ணுக்குள் இறங்க வழி செய்தார்கள். குசுமா, போஞ்சி போன கோபம் தீராமலே, தன் ஓடைக்கரையிலிருந்து சேம்புக் கிழங்கும் பெரணி வேரும் உரச் சாக்கு நிறையக் கொடுத்தாள். "இது வெட்டினா நான் உங்களை வெட்டுறது," என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஓகஸ்ட் மாசத்தோடு வேலை முடிந்தது. பீலியில் மறுபடியும் ஒரு விரல் தண்டி தண்ணீர் வந்தது. மழைக்காலத்திலேயே இருபது மந்திரம். இனி என்ன செய்வது என்று சிசிலி குசுமாவைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சும்மா விடுறது."

அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. சும்மா விடுவது சிசிலிக்குத் தெரிந்த வேலையே இல்லை. காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பள்ளத்தைப் பார்த்தாள். தேத்தண்ணி நேரத்தில் ஓடி வந்து பார்த்தாள். வேலைவிட்டு வரும்போது பார்த்தாள். முளைத்தது சேம்பா களையா, பெரணி பிழைத்ததா செத்ததா, கரை நகர்ந்ததா நிற்கிறதா என்று மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. போதாக்குறைக்கு ஊர் வாய் வேறு. சிசிலி அட்டை வளர்க்கிறாள், பாம்புக்குப் பந்தல் போடுகிறாள் என்று லயத்து ஆண்கள் சிரித்தார்கள். துப்புரவுப் பணி படத்தை செல்லசாமி பேஸ்புக்கிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்.

ஒக்டோபரில் ஒரு காலை. அவள் பள்ளத்துக்குள் நின்று, மார்ச்சுக்கு எத்தனை மாசம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஷாமிலா மறுபடியும் பரீட்சை எழுதப் போவதும் அதே நாட்களில்தான். யோசனை முடிந்து குனிந்து பார்த்தாள். அவள் கை நிறையப் பெரணிக் குருத்து. காலடியில் ஒரு முழ அகலத்துக்கு மண் பளிச்சென்று தெரிந்தது. எப்போது பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு ஒவ்வொரு குருத்தாக நட்டாள். பாதிக்கு மேல் வேர் அறுந்து போயிருந்தது.

சாயங்காலம் பீலியில் வைத்து நாகலெட்சுமியிடம் சொன்னாள். "என்னைப் பள்ளத்துக்குள்ள விடாதடி."

"என்னாது?"

"என் கைய நம்ப முடியல. தெரியாமயே பிடுங்குது. என்னை மட்டுமில்ல, எவளையும் வெறுங்கையோட உள்ள விடக்கூடாது. நீயும் நேத்து ரெண்டு செடி பிடுங்குன, நான் பாத்தேன்."

நாகலெட்சுமி மறுக்க வாயெடுத்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள், நகத்துக்குள் பச்சை. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இப்படித்தான் அந்தச் சட்டம் வந்தது. குழாயில் சருகு அடைத்ததா, கரை நிற்கிறதா என்று பார்க்க யாராவது பள்ளத்துக்குள் போயே ஆக வேண்டும். போகிறவள் இரண்டு கையிலும் தண்ணீர் நிறைந்த குடத்தோடு போக வேண்டும். குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. சருகை எடுக்க வேண்டுமானால் துணைக்கு இன்னொருத்தி வந்து, எடுத்துவிட்டு, உடனே வெளியேற வேண்டும். கேட்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் இருபது வருஷம் புல்லுப் பிடுங்கிய கையைப் புத்திமதி சொல்லி நிறுத்த முடியாதென்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். பாரம் கொடுத்தால்தான் நிற்கும்.

சிசிலியின் அரிப்புக்கும் ஒரு வடிகால் கிடைத்தது. நவம்பரில் செல்லசாமி மருந்து டாங்கியோடு இரண்டு பேரை ஏழாம் நம்பர் மலைக்கு அனுப்பியபோது, அவள் இரண்டு குடத்தோடு பள்ளத்தின் ஓரத்தில் குறுக்கே நின்றாள்.

"தலைவரே, இங்கன மருந்து அடிக்காதீங்க. ரெண்டு பக்கமும் பத்து நிரை நாங்க கையால வெட்டித் தாறோம்."

"தங்கச்சி, தொரைக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"புல்லு இல்லாம இருந்தா தொரை ஏன் கேக்கப் போறாரு? ஒரு புல்லு கண்டாலும் என்னைக் கேளுங்க."

செல்லசாமி யோசித்தார். மருந்து மிச்சம், வேலையும் நடக்கிறது. தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த இருபது நிரையும் சிசிலியின் ராஜ்ஜியம். பள்ளத்தில் பிடுங்க முடியாததையெல்லாம் அங்கே பிடுங்கித் தீர்த்தாள். பள்ளத்து எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புல் மிஞ்சாது. அந்தப் பக்கம் ஓர் இலையைத் தொடமாட்டாள். கோட்டில் நின்று அவள் கை துடிப்பதைப் பார்த்து நாகலெட்சுமி வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஜனவரி காய்ந்தது. பெப்ரவரியும் காய்ந்தது. பள்ளத்தில் சேம்பு இடுப்பளவு நின்றது. மிலாறு அடுக்குக்கு மேல் பெரணி கவிந்து மூடியிருந்தது. கோரை யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்திருந்தது. அந்த வருஷம் மழையும் கொஞ்சம் தாராளமாகத்தான் பெய்திருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வாளியை வைத்து அளக்க மட்டும் சிசிலி யாரையும் விடவில்லை. தெரிந்துகொள்ளப் பயம்.

தொரை வருவதாகச் சொன்ன நாளும் ஷாமிலாவின் கணக்குப் பரீட்சையும் ஒன்றாக விழுந்தன. காலையில் பிள்ளையின் போத்தலுக்குப் பீலியில் தண்ணீர் பிடித்து, கொதிக்க வைத்து, நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகும் இறக்காமல் நின்றாள். "அம்மா, பஸ் போயிரும்," என்று ஷாமிலா கத்தும்வரை இறக்கவில்லை. ஆற்றி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பீலிக்கு வந்தாள்.

ஒன்பது மணிக்குத் தொரை வந்தார். பின்னால் செல்லசாமி. கீழ்க் கிராமத்திலிருந்து குசுமாவும் வந்திருந்தாள். அவளுக்குத் தன் போஞ்சியின் எதிர்காலம். அதே பெயின்ட் வாளி. தொரை போனில் நேரம் பிடித்தார். சிசிலி வழக்கம்போல மந்திரத்தைத் தொடங்கினாள். முதல் இரண்டும் மூச்சு விடாமல் ஓடின.

"மெதுவாச் சொல்லு," என்று நாகலெட்சுமி அவள் தோளைப் பிடித்தாள். "நீ ஓடுனா தண்ணி ஓடுமா?"

மூன்றாவதிலிருந்து மெதுவாகச் சொன்னாள். நோட்டன் பிரிட்ஜில் பிள்ளை கணக்குத் தாளைத் திருப்பியிருப்பாள் என்று நினைத்தபோது ஐந்தாவது தடுமாறியது. எட்டாவதில் வாளி பாதி தாண்டியது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை முறுக்கினாள். பன்னிரண்டாவதில் 'ஆமென்' சொல்லும்போது வாளி வழிந்தது.

"மூணு நிமிஷம் நாப்பது செக்கன்," என்றார் தொரை. மறுபடியும் போனைப் பார்த்தார். "மார்ச்ல?"

பெண்கள் கத்திய கத்தலில் மேல் லயத்து நாய்கள் குரைத்தன. சிசிலி கத்தவில்லை. வழிகிற வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி. சொன்னா சொன்னதுதான். பள்ளம் உங்களுக்கு," என்றார் தொரை. அவருக்கும் சந்தோஷம்தான். ஏதாவது செய்யத் தோன்றியிருக்க வேண்டும். பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஆனா அம்மா, இதென்ன இப்படிக் காடு மாதிரி? நீங்க கஷ்டப்பட்டது. நாளைக்கு நாலு ஆள் அனுப்புறது, நல்லா கிளீன் பண்ணித் தருவாங்க."

"ஐயோ வேணாம்!" பத்தொன்பது குரலும் ஒன்றாக வந்தது. குசுமா சிங்களத்தில் ஏதோ சொன்னாள். தொரையின் காது சிவந்ததைப் பார்த்தால் மரியாதையான வார்த்தையாக இருக்க முடியாது.

சிசிலி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். தேயிலைக் கறை ஏறிய, வெடித்த கை. "சார், இந்த ரெண்டு கைக்கே நான் ஒரு வருஷமா காவல் இருந்துட்டேன். இன்னும் எட்டுக் கைய அனுப்பாதீங்க. எனக்குத் தாங்காது."

அரை நாள் வேலைக்குப் போனாள். கொழுந்து எடுத்தது கைதான். மனசு நோட்டன் பிரிட்ஜ் ரோட்டில் நின்றது. மத்தியானம் கடந்து ஷாமிலா லயத்துப் படியில் இறங்கி வந்தபோது, சிசிலி வாசல் இஸ்தோப்பில் நின்றாள்.

"எப்படி புள்ள?"

"ஒரு கணக்கு விட்டுட்டேன். மத்ததெல்லாம் செஞ்சேன்மா." பிள்ளை போத்தலை நீட்டினாள். காலி. "தண்ணி பத்தல. வெயிலு."

சிசிலி போத்தலை வாங்கினாள். ஒரு வருஷமாக உள்ளே கிடந்து பிறாண்டியது அப்போது வாய்க்கு வந்துவிட்டது. "அன்னைக்கு ஓடைத் தண்ணிய கொதிக்க விடாம எறக்குனது நான்தான். பெரட்டுக்கு நேரமாச்சுன்னு எறக்கிட்டேன். அதுலதான் ஒனக்கு..."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"கேத்தல நீங்க எறக்குனப்போ பக்கத்துலதானே இருந்தேன்."

"அப்ப ஏன் குடிச்ச?"

"தாகம்மா," என்றாள் ஷாமிலா. செருப்பைக் கழற்றினாள். "இப்பவும் தாகம்தான்."

சிசிலி பீலிக்கு நடந்தாள். ஓடவில்லை. வழியில் படிக்கல் இடுக்கில் ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுப் போனாள். குழாயின் கீழே போத்தலைப் பிடித்து, பழக்கதோஷத்தில் மந்திரத்தைத் தொடங்கினாள். பாதி சொல்லுமுன்பே போத்தல் நிறைந்து, தண்ணீர் கையில் வழிந்தது. நின்று மீதியையும் சொல்லி முடித்துவிட்டு, கேத்தலை அடுப்பில் வைக்கப் போனாள்.